ஜன்னல் ஒழுகினால் சிலிக்கானைத் தேடாதீர்கள்

மழை நாளில் ஜன்னலோரம் தண்ணீர் தேங்கினால் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். யாராவது ஒருவர் சிலிக்கான் ட்யூபோடு வருவார். சட்டத்தைச் சுற்றி வெளியே கண்ணில் படுகிற இடுக்குகளை எல்லாம் அடைத்துவிட்டுப் போவார். அடுத்து வருவது சாதாரண மழையாக இருந்தால் ஒழுகாது, சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்போம். அப்புறம் காற்றோடு ஒரு மழை அடிக்கும். பழைய இடத்திலேயே தண்ணீர் நிற்கும். சில வீடுகளில் முன்பைவிட அதிகமாக நிற்கும். இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு: மழையைத் தடுக்கும் இடமும் காற்றைத் தடுக்கும் இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது. மழையை வெளிப்பக்கம் திருப்பிவிட வேண்டும், காற்றை உள்பக்கம் நிறுத்த வேண்டும், இரண்டுக்கும் நடுவில் வந்து சேர்கிற தண்ணீருக்கு வெளியேற வழி வேண்டும். வெளியே இருக்கும் ஒரே கோட்டில் இரண்டையும் சாதிக்கப் பார்ப்பதால்தான் அந்த ட்யூப் திரும்பத் திரும்பத் தோற்கிறது.

கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த ஜி. கே. கார்டன் 1963-இல் இதைத் தெளிவாக எழுதி வைத்தார். மழைநீர் கட்டடத்துக்குள் புக மூன்று விஷயங்கள் ஒரே இடத்தில் சேர வேண்டும்: மேற்பரப்பில் தண்ணீர், அது நுழைய ஒரு திறப்பு, அதை உள்ளே தள்ள ஒரு விசை. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும் ஒழுகாது. தண்ணீரே படாமல் செய்ய முடியாது. மேலே நல்ல அகலமான சன்ஷேட் இருந்தால் குறைக்கலாம், அவ்வளவுதான். திறப்பே இல்லாமல் செய்வதும் நடக்காத காரியம், ஏனென்றால் ஜன்னலும் கதவும் திறப்பதற்காகத்தான் இருக்கின்றன. மிச்சம் இருப்பது விசை. அதை எடுத்துவிட முடியும் என்பதுதான் அவர் சொன்னதில் முக்கியமானது.

அந்த விசை ஒரு வகை இல்லை. சரிவு உள்நோக்கி இருந்தால் தண்ணீர் தன் எடையாலேயே உள்ளே ஓடும். வேகமாக விழும் துளி நேரான இடுக்கு வழியாகப் பாய்ந்து போகும். தண்ணீருக்குப் பரப்பை ஒட்டிக்கொண்டே போகும் குணம் உண்டு. சன்ஷேட்டின் விளிம்பில் வந்த நீர் கீழே சொட்டாமல் அடிப்பரப்பை ஒட்டிச் சுவர் வரை வந்துவிடும். அடியில் விளிம்பை ஒட்டி ஒரு காடி (நீளப் பள்ளம்) வெட்டியிருந்தால் அங்கே அறுபட்டுச் சொட்டிவிடும். ஒரு விரல் அகலம் கூட வேண்டாத அந்தக் காடி இல்லாத வீடுகளில் ஜன்னலுக்கு மேலே சுவரில் கறை படிந்திருப்பதைப் பார்க்கலாம். நுண்ணிய இடுக்குகளோ தண்ணீரைத் தாமே மேலே இழுக்கும். அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்திய இரண்டு சுத்தமான கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நீர் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் ஏறிவிடும். அதனால்தான் நல்ல சட்டங்களில் உள்ளே போகப் போக இடைவெளியை வேண்டுமென்றே அகலமாக்குவார்கள். 5, 6 மில்லிமீட்டர் அகலம் வந்துவிட்டால் அந்த இழுவை அங்கேயே முடிந்துவிடும்.

இவை எல்லாமே வடிவத்தால் தீர்க்கக்கூடியவை. கடைசியாக ஒன்று இருக்கிறது: காற்றழுத்தம். கடினமான எதிரி இதுதான்.

காற்று சுவரில் மோதும்போது வெளியே அழுத்தம் கூடுகிறது, உள்ளே குறைவாக இருக்கிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று தருவது, பாஸ்கல் என்னும் அழுத்த அலகில், ஏறக்குறைய 60. பெரிய எண் இல்லை, ஆனால் 6 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கி நிறுத்த அது போதும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். 72 கிலோமீட்டரில் 240 பாஸ்கல், தண்ணீர்க் கணக்கில் இரண்டரை சென்டிமீட்டர். 108 கிலோமீட்டரில் 540 பாஸ்கல், ஐந்தரை சென்டிமீட்டர். ஜன்னலின் அடிச்சட்டத்தில் உள்பக்க விளிம்பு எவ்வளவு உயரமாக நிற்கிறது என்று அளந்து பார்த்து, இந்தக் கணக்கோடு ஒப்பிடுங்கள். 2 சென்டிமீட்டர் விளிம்பு இருக்கிற ஜன்னல் 72 கிலோமீட்டர் காற்று மழையைத் தாங்கவில்லை என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த விளிம்பால் முடிந்தது அவ்வளவுதான்.

ஒரு முறை பலத்த காற்று மழையின்போது ஸ்லைடிங் ஜன்னலின் தடத்தில் டார்ச் அடித்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தடத்தில் ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. காற்று ஓய்ந்தபோது அது மெதுவாக வடிந்து இறங்கியது. வேகமாக அடித்தபோது வெளியே போவதை நிறுத்திவிட்டு மட்டம் மேலே ஏறியது. இன்னும் பலமாக ஒரு வீச்சு வந்தபோது தண்ணீருக்குள்ளிருந்து குமிழிகள் கிளம்பின. ஒவ்வொரு குமிழியும் உடையும்போது சின்னச் சின்னத் துளிகள் உள்பக்க விளிம்பைத் தாண்டித் தெறித்தன. வெளியே நீர் வடிய விட்டிருந்த துளை வழியாகவே காற்று உள்ளே ஊதிக்கொண்டிருந்தது. உறிஞ்சுகுழலைத் தண்ணீரில் வைத்து ஊதினால் எப்படிக் குமுறுமோ அப்படி. தரையில் தண்ணீர் வந்தது விளிம்பு வழிந்ததால் மட்டும் இல்லை, இந்தத் தெறிப்பாலும்தான். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை ட்யூப் சிலிக்கான் அடித்தாலும் இதை ஒன்றும் செய்யாது.

சரி, எதற்காக அந்தக் காற்று உள்ளே வந்தது? உள்பக்கம் போய்ச் சேர அதற்கு வழி இருந்தது. இரண்டு கதவுகளும் ஒன்றன்மேல் ஒன்று வருகிற நடுப்பகுதியில், அடியில், காற்றைத் தடுக்க வைத்திருந்த பிரஷ் பட்டை தேய்ந்து போயிருந்தது. அந்த வழியை அடைத்திருந்தால் வெளியிலிருந்து வந்த காற்று தடத்துக்குள் நிரம்பி, அங்கேயும் வெளி அழுத்தமே இருந்திருக்கும். இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகிவிட்டால் தண்ணீரைத் தள்ள எதுவும் இல்லை. தண்ணீர் தன் எடையால் துளை வழியே வெளியே போயிருக்கும். நார்வேயில் பிர்கெலாண்ட் என்ற கட்டட ஆய்வாளர் 1962-இல் எழுதியதும், அடுத்த ஆண்டு கார்டன் விரித்துச் சொன்னதும் இந்த யோசனைதான். வெளியே மழைத்திரை, நடுவே வெளிக்காற்றோடு தொடர்புள்ள ஒரு வெற்றிடம், உள்ளே காற்றுப் புகாத தடை. இன்று வரும் நல்ல கீல் ஜன்னல்களில் சட்டத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இந்த மூன்றும் அப்படியே தெரியும்.

இதிலிருந்து கிடைக்கிற ஒரு விஷயத்தைப் பலர் நம்பவே மாட்டார்கள். உள்பக்கம் இருக்கும், மழைத்துளியே படாத ரப்பர் பட்டைதான் மழை உள்ளே வருமா வராதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மூலையில் அந்த ரப்பர் இரண்டு மில்லிமீட்டர் சுருங்கி விலகியிருந்தால் போதும். நடுவே உள்ள வெற்றிடத்தின் அழுத்தம் அந்த ஓட்டை வழியாக இறங்கிவிடும், வெளியிலிருந்து தண்ணீர் அதைத் தேடி வரும். ரப்பர் வெட்டுகிறவர்கள் மூலையில் இழுத்துப் பிடித்து வெட்டுவது வழக்கம். இழுத்து வெட்டிய ரப்பர் சில மாதங்களில் தன் பழைய நீளத்துக்குச் சுருங்கும், மூலை திறந்துகொள்ளும். இழுக்காமல், ஒரு துளி கூடுதலாக விட்டு, மூலையில் சாய்வாக வெட்டி ஒட்ட வேண்டும். நல்ல சட்டங்களில் ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பரை மூலையிலேயே சூடாக்கி இணைத்து ஒரே வளையமாகத் தருகிறார்கள். வாங்கும்போது கண்ணாடியின் தடிமனைத் தட்டிப் பார்க்கிறோம். இந்த மூலையைக் குனிந்து பார்ப்பது அதைவிடப் பயன் தரும்.

இப்போது அந்த வடிகால் துளைகள். அடிச்சட்டத்தின் வெளிமுகத்தில், நீளவாக்கில் சின்னதாக இரண்டு மூன்று வெட்டு இருக்கும். பூச்சி வருகிறது, தூசி வருகிறது, காற்று வருகிறது என்று இவற்றைச் சிலிக்கான் வைத்து அடைப்பதைப் போல வருத்தம் தருகிற காரியம் வேறில்லை. சட்டத்தை வடிவமைத்தவர் தண்ணீர் உள்ளே வரும் என்று தெரிந்தே, வந்தது போக வேண்டும் என்று யோசித்து வைத்த வழி அது. அதை அடைத்தால் சட்டமே ஒரு தொட்டியாகிவிடும். நிரம்பினால் உள்பக்கம்தான் வழியும். நான் முதலில் சொன்ன, அடைத்த பிறகு முன்பைவிட அதிகமாக ஒழுகும் வீடுகளில் பாதிக் கதை இதுதான். வெள்ளையடிக்கும்போதும் பூச்சு வேலையின்போதும் இவை தாமாகவே அடைபடும். மழைக்காலத்துக்கு முன் ஒரு மெல்லிய கம்பியால் குத்திவிட்டு, தடத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளியே ஓடி வந்தால் சரி. காற்று அதிகம் அடிக்கும் இடமாக இருந்தால் துளைமேல் சின்னத் தொங்கு மூடி வைத்து வருவதை வாங்கலாம். தண்ணீர் வெளியே தள்ளும்போது அது திறக்கும், காற்று உள்ளே தள்ளும்போது மூடிக்கொள்ளும்.

ஸ்லைடிங்கா கீல் ஜன்னலா என்று கேட்டால் நான் தயங்காமல் கீல் என்பேன். காரணம் எளிது. கீல் ஜன்னலைத் தாழிடும்போது கதவு ரப்பரை நசுக்கி உட்காருகிறது. இரண்டு மூன்று இடங்களில் பூட்டும் தாழ்ப்பாள் இருந்தால் நாலா பக்கமும் ஒரே அளவில் நசுங்கும். ஸ்லைடிங்கில் கதவு நகர வேண்டும் என்பதால் ரப்பரை அப்படி நசுக்க முடியாது, உரசிப் போகும் பிரஷ் பட்டைதான் வைக்க முடியும். பிரஷ் என்றால் முடிக்கு நடுவே காற்று போகத்தான் செய்யும். நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்த பிரஷ் கொஞ்சம் பரவாயில்லை. ஸ்லைடிங்குக்கு அதன் இடம் உண்டு. நடைபாதை ஓரம், பால்கனி, கதவு விரியவே இடமில்லாத மூலை, இங்கெல்லாம் வேறு வழியில்லை. ஆனால் காற்று நேராக மோதும் சுவரில், வேறு வழி இருக்கும்போது அதைப் போடுவது எனக்குச் சம்மதமில்லை. தூக்கி நகர்த்திவிட்டு இறக்கினால் ரப்பர்மேல் அழுந்தி உட்காரும் வகையும் இருக்கிறது. எடை கூடும், செலவும் கூடும்.

ஜன்னல்களை ஒப்பிட எண்கள் உண்டு, வாங்குகிறவர்கள் அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். ஐரோப்பியத் தரத்தில் இஎன் 12207 காற்றுக்கசிவைக் குறிக்கிறது. 100 பாஸ்கல் அழுத்தத்தில் ஒரு சதுர மீட்டர் ஜன்னல் வழியாக மணிக்கு 50 கன மீட்டர் வரை விட்டால் 1-ஆம் வகுப்பு, 27 வரை 2, 9 வரை 3, வெறும் 3 கன மீட்டருக்குள் நின்றால் 4. முதல் வகுப்புக்கும் கடைசி வகுப்புக்கும் பதினாறு மடங்குக்கு மேல் வித்தியாசம். கடையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தண்ணீருக்கு இஎன் 12208. ஜன்னல்மேல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே முதல் 15 நிமிடம் அழுத்தமில்லாமலும், பிறகு ஐந்தைந்து நிமிடத்துக்கு ஒரு படியாக அழுத்தத்தைக் கூட்டியும் பார்ப்பார்கள். 300 பாஸ்கல் வரை தாங்கினால் 7ஏ, 600 வரை தாங்கினால் 9ஏ. வட அமெரிக்க முறையில் ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 3.4 லிட்டர் வீதம் தெளிக்கிறார்கள், அது பேய்மழைக்குச் சமம். ஆனால் அங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான வகை ஜன்னல்களுக்கு, உடையாமல் தாங்க வேண்டிய காற்றழுத்தத்தில் 15 சதவீதத்தில்தான் தண்ணீர்ச் சோதனை. 2400 பாஸ்கலுக்குக் கணக்கிட்ட ஜன்னலை 360 பாஸ்கலில்தான் நனைத்துப் பார்க்கிறார்கள். பெரும் புயலில் கண்ணாடி உடையாமல் நின்றும் அறைக்குள் தண்ணீர் வருவதற்கு இதுவே காரணம். ஜன்னல் பழுது என்று அதற்கு அர்த்தமில்லை.

இந்தச் சான்றிதழ்கள் எல்லாம் சோதனைச் சாலையில், நேராக நிறுத்திய சட்டத்துக்குத் தந்தவை. சுவரில் பொருத்தியதும் புதிதாக ஒரு இணைப்பு பிறக்கிறது, அதற்கு எந்தச் சான்றும் இல்லை. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான் சிலிக்கானுக்கு உண்மையான வேலை. அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். யூபிவிசி பிளாஸ்டிக் சட்டம் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். 2 மீட்டர் நீளச் சட்டம் 30 டிகிரி வித்தியாசத்தில் சுமார் 4 மில்லிமீட்டர் மாறும். அலுமினியம் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக. இந்த அசைவைத் தாங்க வேண்டுமானால் சிலிக்கான் இரண்டு பக்கம் மட்டுமே ஒட்ட வேண்டும், பின்னால் ஒட்டக் கூடாது. அதற்காக இடுக்குக்குள் முதலில் ஒரு நுரைக் கயிற்றை (ஃபோம்) அழுத்தி வைத்து, அதன்மேல் அகலத்தில் பாதி ஆழத்துக்கு நிரப்புவார்கள். கயிறு வைக்காமல் ஆழமாக நிரப்பினால் மூன்று பக்கமும் ஒட்டிக்கொண்டு, இழுபடும்போது நடுவில் கிழியும் அல்லது ஓரத்தில் உரியும். வெளியே பார்க்கப் பளபளவென்று இருந்தும் ஒரு வருடத்தில் கோடு விழுவது இதனால்தான். தூசியும் ஈரமும் உள்ள பரப்பில் ஒட்டினாலும் கதி அதேதான்.

அதற்குக் கீழே இன்னொரு பாதுகாப்பும் வேண்டும். ஜன்னல் வைக்கும் திண்டு வெளிநோக்கிச் சரிந்திருக்க வேண்டும். சட்டம் உட்காருவதற்கு முன்பே அங்கே நீர்புகாத் தகடோ சவ்வோ விரித்து, பின்பக்கமும் இரண்டு ஓரங்களும் மேலே மடித்து நிற்க வேண்டும். இணைப்பு எப்போதாவது தோற்றாலும் தண்ணீர் அந்தத் தகட்டில் விழுந்து வெளியே போய்விடும். ஜன்னலின் கீழ் மூலைக்கு நேர் கீழே சுவரில் பூச்சு உப்பிக் கிடந்தால், பெரும்பாலும் இந்த ஓர மடிப்பு இல்லாததுதான் காரணம். பொருத்திய பிறகு இதைச் சேர்ப்பது என்றால் ஜன்னலையே கழற்ற வேண்டும். ஆகவே வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

கதவுக்கு வருகிறேன். கதவில் பெரிய ஓட்டை கால்மாட்டில்தான். ஒரு மீட்டர் அகலக் கதவுக்கு அடியில் 1 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் அது 100 சதுர சென்டிமீட்டர்; சுவரில் கைபோகிற அளவுக்கு ஒரு சதுர ஓட்டை போட்டுவிட்டு அதை மறந்துவிட்டதற்குச் சமம். மெல்லிய காற்றில் உண்டாகும் 4 பாஸ்கல் அழுத்தத்திலேயே, காற்று மறுபக்கம் வெளியேற வழி இருந்தால், அது மணிக்கு 50 கன மீட்டருக்கு மேல் காற்றை விடும். கதவை மூடும்போது தானே கீழிறங்கும் ரப்பர் பட்டை இதற்கு நல்ல தீர்வு. தரையோடு உரசிக்கொண்டே போகும் பட்டைகள் சீக்கிரம் தேயும்.

மழை படும் வாசலில் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும் முக்கியம். வெளியே திறக்கும் கதவைக் காற்று தள்ளும்போது அது நிலையோடும் ரப்பரோடும் இன்னும் இறுக்கமாக அழுந்தும். உள்ளே திறக்கும் கதவைக் காற்று ரப்பரிலிருந்து விலக்கும். பூட்டுகிற இடங்கள் கூடுதலாக இருந்தால் மட்டுமே அது சமாளிக்கும். நிலைப்படியின் உயரம்தான் உண்மையிலேயே கடினமான சிக்கல். தண்ணீரை நிறுத்த உயரம் வேண்டும், அந்தக் கணக்கை மேலே பார்த்தோம். சக்கர நாற்காலிக்கும் முதியவர்களுக்கும் உயரமே கூடாது. இரண்டில் ஒன்றை விட வேண்டும் என்றால் படியை விடலாம் என்பேன். கதவுக்கு வெளியே மேலே அகலமான கூரையும், வாசலை ஒட்டி முழு அகலத்துக்கும் கம்பி மூடிய வடிகாலும், அதற்கப்பால் வெளிச்சரிவும் வைத்துவிட்டால் தாழ்ந்த படியும் தாக்குப்பிடிக்கும்.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். காற்றுள்ள நாளில் மற்றக் கதவுகளை மூடிவிட்டு, ஒரு ஊதுபத்தியை மூலைகளிலும் தாழ்ப்பாள் பக்கத்திலும் மெதுவாக நகர்த்திக்கொண்டு போங்கள். புகை வளைகிற இடம்தான் ஓட்டை. திரைச்சீலையை விலக்கிவிட்டுச் செய்யுங்கள். ரப்பருக்குக் குறுக்கே ஒரு காகிதத் துண்டு வைத்து மூடி இழுத்தால், தடையில்லாமல் வருகிற இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை என்று தெரியும். பல ஜன்னல்களில் தாழ்ப்பாள் பிடிக்கும் இரும்பை ஒரு திருப்பு திருப்பினாலே அழுத்தம் கூடும். காதையும் நம்பலாம். மூடிய ஜன்னல் வழியே தெருச் சத்தம் ஒரு மூலையில் மட்டும் கூர்மையாகக் கேட்டால் அங்கே காற்றும் வருகிறது. தண்ணீர்க் கசிவுக்குக் குழாயை எடுத்தால் கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் திண்டு, பிறகு அடிச்சட்டம், பக்கங்கள், கடைசியில் மேல்விளிம்பு. ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் பொறுத்திருங்கள். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடுக்குகளையும் ஒரே நேரத்தில் நனைத்துவிடும், உள்ளே வந்தது எதிலிருந்து என்று சொல்லவே முடியாது.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1970-களில் சுவீடனில் ஒரு விசிறியை ஜன்னலில் பொருத்தி வீட்டின் காற்றுக்கசிவை அளக்கத் தொடங்கினார்கள். பிறகு அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைக் கதவில் பொருத்தினார்கள். அளந்து பார்த்தபோது, ஜன்னல் கதவுகளைவிடக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே மறைந்திருந்த வழிகள் பெரிதாக இருந்தன. எனவே ஜன்னலை இறுக்கிய பிறகும் காற்று வந்தால் மின்குழாய் ஓட்டைகளையும் பொய்க்கூரையையும் பாருங்கள். எல்லாவற்றையும் நன்றாக இறுக்கிவிட்டால் சுவாசத்தின் ஈரமும் சமையலின் ஈரமும் போக வழியில்லாமல் கண்ணாடியில் நீர் பூக்கும், மூலையில் பூஞ்சை பிடிக்கும். கசிவை நம்பிக் காற்றோட்டம் விடுவது சரியல்ல. நாமே திறக்கவும் மூடவும் முடிகிற காற்றுத்துளையோ வெளியேற்றும் விசிறியோ தனியாக வைக்க வேண்டும். எரிவாயு ஹீட்டர், அடுப்பு, கணப்பு இவற்றில் ஏதாவது உள்ள அறை என்றால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் எரிவதற்கான காற்று வரும் வழியும் புகை வெளியேறும் குழாயும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியையும் அப்போதே மாட்டிவிடுங்கள். ரப்பர் பட்டை அதற்குப் பிறகு.